டோக்கியோவில் குடித்தனம்: சென்னையிலிருந்து புறப்படும் தம்பதிகள் கேட்கும் கேள்விகள்

நானும் கணவரும் டோக்கியோவில் குடித்தனம் நடத்திவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய பிறகு, தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளில் யாருக்கு ஜப்பானில் வேலை கிடைத்தாலும் தொலைபேசி எனக்குத்தான் வருகிறது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேலைக்குப் போகிறவருக்கு வழிகாட்ட அலுவலகம் இருக்கிறது. வீட்டில் இருக்கப் போகிறவருக்கு அப்படி யாரும் இல்லை. பெரும்பாலான பதில்களை அவரை மனத்தில் வைத்தே எழுதினேன்.

அக்கா, அவருக்கு வேலை உறுதியாகிவிட்டது. இருவரும் ஒன்றாகவே போக முடியுமா, அவர் முதலில் போய்த்தான் என்னை அழைத்துக்கொள்ள வேண்டுமா?

ஒன்றாகவே போகலாம். வேலை கொடுக்கும் நிறுவனம் ஜப்பான் குடிவரவுத் துறையிடம் தகுதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும். அவருடைய வேலைக்கு ஒன்று, அவரைச் சார்ந்து வாழும் குடும்பத்தினராக உங்களுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்தே விண்ணப்பிக்கும்படி நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல நிறுவனங்கள் ஊழியருடைய சான்றிதழை மட்டும் முடித்துவிட்டு, உங்களுடையதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கும். சான்றிதழ் 3 மாதங்களுக்குச் செல்லும். அதற்குள் சென்னையில் விசா வாங்கிப் போய்ச் சேர வேண்டும்.

உங்கள் விண்ணப்பத்துக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். கோயிலில் கொடுத்த ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் உதவாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்றாலும், பலர் வெளிநாட்டு வேலை வந்த பிறகுதான் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தேடுகிறார்கள். தாலி கட்டிய மாதத்திலேயே அதை முடித்துவிடுங்கள்.

எங்கள் இருவருக்கும் வேறு வேறு இனிஷியல். அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

வரும், ஆனால் சமாளிக்கக்கூடியதுதான். ஜப்பானில் கணவன் மனைவி இருவரும் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். வெளிநாட்டவரை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் கவுன்டரில் இருப்பவர் உங்கள் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் தம்பதிதானா என்று பணிவோடு கேட்பார். திருமணச் சான்றிதழின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு ஒன்றைக் கோப்பில் வைத்திருந்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால், அங்கே எல்லாரும் உங்களை அப்பா பெயரால்தான் அழைப்பார்கள். காத்திருப்பு அறையில் ‘ராமகிருஷ்ணன்-சான்’ என்று கூப்பிட்டால் எழுந்து போக வேண்டியது நீங்கள்தான். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பெயர்களை அவர்கள் கதகானா எழுத்தில் பதிவார்கள். ஒரே பெயரை மூன்று விதமாக எழுத முடியும். முதல் நாளே ஒரு வடிவத்தை முடிவு செய்து தாளில் எழுதி, பணப்பையில் வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள். வங்கிக் கணக்கில் ஒரு விதமும் காப்பீட்டில் வேறு விதமும் இருந்தால் பணம் வந்து சேராமல் திரும்பிப் போகும்.

மேடம், மிக்சி, குக்கர், மருந்து, கறிவேப்பிலை இவற்றில் எதை எடுத்துப் போகலாம்?

மிக்சி: அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்சியை நேராகச் செருகினால் மாவு அரைபடாது. ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், அதன் எடை அதிகம். அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்காகச் சென்னைக் கடைகளில் விற்கும் 110 வோல்ட் மிக்சியே நல்லது. 100 வோல்ட்டில் சற்று வேகம் குறைந்து ஓடும், ஆனால் ஓடும். பிளக்கைப் பார்த்து வாங்குங்கள். டோக்கியோ வீடுகளில் பெரும்பாலும் இரண்டு தட்டைக் கம்பிகள் நுழையும் துளைதான் இருக்கிறது.

குக்கர்: வீட்டில் கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷன் அடுப்பா என்பதைத் தெரிந்துகொள்ளும்வரை அலுமினியக் குக்கர் வேண்டாம். இண்டக்‌ஷனுக்கு ஏற்ற அடிப்பாகம் உள்ள ஸ்டீல் குக்கர் இரண்டுக்கும் பொருந்தும்.

மருந்தில் கவனமாக இருங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் புறப்படும் முன்பே ஜப்பானிய அரசின் இறக்குமதி அனுமதியை வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின், கோடீன் கலந்த சளி, இருமல் மருந்துகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. ‘ஜலதோஷ மாத்திரைதானே’ என்று பெட்டியில் போடாமல், அட்டையின் பின்புறம் இருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், காய்கறி, இறைச்சி ஊறுகாய் வேண்டாம். விமான நிலையத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, அப்பளம் ஆகியவற்றுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கலாம். தேங்காய் எண்ணெயை வாய் அகன்ற டப்பாவில் மாற்றி எடுத்துப் போங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டில் என்றால் ஐப்பசி முதல் பங்குனி வரை அதிலிருந்து ஒரு சொட்டும் வராது.

சென்னை மாதிரி பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்களா?

அவ்வளவு கேட்கமாட்டார்கள், ஆனால் கொடுப்பதில் ஒரு பகுதி திரும்பி வராது. ‘ஷிகிகின்’ என்பது நம் முன்பணம் போன்றது, காலி செய்யும்போது கழிவு போக மீதி வரும். ‘ரெய்கின்’ என்பது வீட்டுக்காரருக்கு நன்றியாகக் கொடுப்பது, போனது போனதுதான். இவற்றோடு தரகுக் கட்டணம், உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம், முதல் மாத வாடகை எல்லாம் சேரும். அரசு சார்ந்த ‘யூ.ஆர்.’ குடியிருப்புகளில் ரெய்கினும் தரகும் உத்தரவாதமும் கிடையாது. கட்டடம் பழையதாக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

வாடகை வீடு என்றால் வெறும் சுவர்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, திரைச்சீலை, பெரும்பாலான வீடுகளில் அடுப்புகூட இருக்காது. கேஸ் இணைப்பைத் திறக்க நிறுவனத்திலிருந்து ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். வந்து இறங்கும் நாளுக்கே அந்த நேரத்தைக் குறித்து வைத்தால் முதல் இரவே வெந்நீர் கிடைக்கும்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் என்னென்ன செய்ய வேண்டும்?

நரிதா அல்லது ஹனேதா விமான நிலையத்தில் இருவருக்கும் தனித்தனியே குடியிருப்பு அட்டை கொடுப்பார்கள். வீடு அமைந்த 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். டோக்கியோவின் 23 வார்டுகளுக்கும் தனித்தனி அலுவலகம் உண்டு. அட்டை எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும், பால் வாங்கப் போனாலும்.

மருத்துவக் காப்பீடு நிறுவனத்தின் வழியாக வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் உங்களையும் அதில் சேர்ப்பார்கள். வராவிட்டால் அதே வார்டு அலுவலகத்தில் தேசியக் காப்பீட்டில் சேர வேண்டும். எதில் சேர்ந்தாலும் மருத்துவச் செலவில் 30 சதவீதம் நம் பங்கு. வார்டு அலுவலகத்துக்குக் கணவர் மட்டும் போய் முடித்துவிட்டு வரும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். இருவரும் போங்கள். எந்தக் கவுன்டரில் என்ன கிடைக்கும் என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் அதிகம் தேவைப்படும். காரணத்தை நிலநடுக்கம் பற்றிய பதிலிலும் பிரசவம் பற்றிய பதிலிலும் பாருங்கள்.

குப்பைக்கு அங்கே அவ்வளவு சட்டமா? எல்லாரும் பயமுறுத்துகிறார்களே.

பயப்பட வேண்டாம், கற்றுக்கொள்ள வேண்டும். எரியும் குப்பை, எரியாத குப்பை, காகிதம், கண்ணாடி, டின், பெட் பாட்டில் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய கிழமையில் காலையில் வைக்க வேண்டும். பிரிக்கும் விதம் வார்டுக்கு வார்டு மாறும். அதனால் வேறு பேட்டையில் இருக்கும் நண்பர் சொல்வதைக் கேட்காமல், உங்கள் வார்டு கொடுக்கும் அட்டவணையைக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள்.

ஒரு பெட் பாட்டிலைத் தூக்கிப் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். லேபிளில் புள்ளிக்கோடு ஒன்று இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் ஒரே உரிப்பில் கையோடு வந்துவிடும். உள்ளே ஒரு முறை நீர் விட்டுக் கழுவி, கவிழ்த்து வடித்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி வைத்தால் முடிந்தது. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. எண்ணெயை இறுகவைக்கும் பொடி கடையில் கிடைக்கிறது. சூடான எண்ணெயில் தூவிவிட்டால் ஆறியதும் பாளமாகப் பெயர்ந்து வரும், எரியும் குப்பையில் போடலாம். சாம்பார், ரசச் சக்கையை நன்றாக வடித்து, காகிதத்தில் சுற்றிப் போடுங்கள். பைகளின் மேல் வலையை இழுத்து மூட மறக்காதீர்கள். டோக்கியோவின் காக்கைகள் பையைக் கிழித்துவிடும், தெருவைக் கூட்டுவது அக்கம்பக்கத்தார்தான்.

தவறாகப் பிரித்த பையை எடுக்காமல், காரணம் எழுதிய சீட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள். அதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. பையைத் திரும்ப எடுத்துவந்து பிரித்து, அடுத்த முறை வையுங்கள். சென்னையில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

நாங்கள் சுத்த சைவம். வெளியே சாப்பிட வழியே இல்லையா?

வழி உண்டு, ஆனால் காய்கறி மட்டும் கண்ணில் தெரிகிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான சாறுகளுக்கு அடிப்படை ‘தாஷி’. கொம்பு என்ற கடற்பாசியோடு, உலர்த்திச் சீவிய சூரை மீனைக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு அது. நம் மாசிக் கருவாட்டைப் போன்றதுதான் அந்த மீன். மிசோ சூப்பு, ஊதோன் நூடுல்ஸ் சாறு, வேகவைத்த பூசணி, முட்டைப் பொரியல் எல்லாவற்றிலும் அது இருக்கும். பரிமாறுபவர் மீன் இல்லை என்று நேர்மையாகவே சொல்வார், துண்டு மீன் அதில் இல்லாததால். அதனால் ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் கேட்காமல், ‘தாஷியும் இல்லாமல்’ என்று சேர்த்துக் கேளுங்கள்.

பொட்டலங்களின் பின்புறம் ஒவ்வாமைப் பட்டியல் இருக்கும். அதில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு போன்றவை. மீனும் கோழியும் மாட்டிறைச்சியும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆகவே அது காலியாக இருப்பதால் அந்தப் பண்டம் சைவம் என்று ஆகிவிடாது. முழுச் சேர்மானப் பட்டியலையும் படிக்க வேண்டும். பன்றி, மாடு, கோழி, மீன் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளைக் கற்றுக்கொண்டால் கடையில் பாதி வேலை முடிந்தது. புத்த மடங்களின் ‘ஷோஜின்’ உணவில் இறைச்சியும் மீனும் கிடையாது. விலை அதிகம்தான். ஆனாலும் திருமண நாளுக்கு ஒரு முறை போய்ச் சாப்பிடுங்கள். எள்ளை அரைத்துச் செய்யும் ஒரு பண்டம் பால்கோவாவைவிட மென்மையாக இருக்கும்.

இட்லி மாவு பொங்குமா?

கோடையில் சென்னையைப் போலவே பொங்கும். சனவரியில் சராசரி 5 டிகிரி இருக்கும் ஊரில் சமையலறை மேடையில் வைத்தால் பொங்காது. அங்கே விற்கும் ஓவன்கள் பலவற்றில் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கத் தனிப் பொத்தான் இருக்கிறது, 30 முதல் 40 டிகிரிவரை வைக்கலாம். ஓவன் வாங்கும்போது அந்த வசதி உண்டா என்று பார்த்து வாங்குங்கள். ஜப்பானிய அரிசி குட்டையானது, ஒட்டும் தன்மையது. அதில் இட்லி பிசுபிசுக்கும். புழுங்கலரிசியும் உளுந்தும் இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன.

கழிவறையில் தண்ணீர் இருக்குமா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள், எல்லாரும் கேட்கும் கேள்விதான் இது. வெந்நீர் பீய்ச்சிக் கழுவும் இருக்கை அங்கே வீடுகளிலும் கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் பரவலாக உண்டு. வாடகை வீட்டில் இல்லாவிட்டாலும், கழிவறைக்குள் மின் இணைப்பு இருந்தால் நாமே வாங்கிப் பொருத்தலாம். வீட்டைப் பார்க்கப் போகும்போது அந்த பிளக் துளை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இந்தியர்கள் இருக்கும் நிஷி-கசாயில் வீடு பார்ப்பதா, வேறு இடத்திலா?

எதோகாவா வார்டில் உள்ள நிஷி-கசாயில் 1990-களின் இறுதியிலிருந்து இந்தியக் கணினிப் பொறியாளர்கள் வரத் தொடங்கினார்கள். தோசாய் ரயில் தடத்தில் ஏறினால் நிறுவனங்கள் குவிந்த ஒதேமாச்சிக்கும் நிஹோன்பாஷிக்கும் நேராகப் போகலாம் என்பது முக்கியக் காரணம். இந்தியப் பள்ளி, மளிகைக் கடை, தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் நடக்கும் தொலைவில் கிடைக்கும். காலையில் அந்தத் தடத்தின் நெரிசல் டோக்கியோவிலேயே பேர்பெற்றது.

குழந்தை இருந்தால் அங்கேயே வீடு பாருங்கள். இருவர் மட்டும் என்றால், சற்றுத் தள்ளி இருங்கள் என்பது என் எண்ணம். நாள் முழுதும் தமிழிலேயே கழிக்க முடிகிற இடத்தில், வீட்டில் இருப்பவர் ஜப்பானிய மொழி பேச வாய்ப்பே வருவதில்லை. ஆண்டுகள் ஓடியபிறகும் மருந்துக்கடைக்குக் கணவரை எதிர்பார்த்து நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அறிவுக்கும் படிப்பும் பட்டமும் நிறைந்த வாழ்க்கைக்கும் அது நியாயமே இல்லை. வாரம் ஒரு நாள் ரயிலேறி வந்து சாமான் வாங்கிக்கொண்டு, நாலு பேரோடு பேசிவிட்டுப் போகலாம்.

ஜப்பானிய மொழி தமிழ் மாதிரியே இருக்குமாமே, சுலபமாக வந்துவிடுமா?

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் வாக்கிய அமைப்பு நமக்குச் சாதகமானது என்பது உண்மை. வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். தமிழில் நினைத்த வரிசையிலேயே சொற்களை அடுக்கினால் பெரும்பாலும் சரியாக வரும். பேசுவதற்கு இது பெரிய துணை. படிப்பது வேறு கதை. ஹிரகானா, கதகானா இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் தலா 46, அவற்றைச் சென்னையிலேயே முடித்துவிடலாம். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 உள்ளன. அதற்குப் பொறுமை வேண்டும்.

சென்னையில் அமைந்தகரையில் உள்ள ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் நெடுங்காலமாக வகுப்பு நடத்துகிறது. மொழித் தேர்வும் சென்னையில் சூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. இருவரில் ஒருவருக்குத்தான் வகுப்புக்குப் பணம் என்றால், வேலைக்குப் போகாதவரைச் சேருங்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவராவது இருப்பார். தண்ணீர்க் குழாய் உடைந்தால் தொலைபேசியில் பேசுவது வீட்டில் இருப்பவர்தான். அங்கே போனபின் வார்டுகள்தோறும் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும்.

நான் வேலைக்குப் போகலாமா?

சார்ந்து வாழும் குடும்பத்தினர் விசாவில், குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி பெற்றால் வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அனுமதி, குடியிருப்பு அட்டையின் பின்புறம் பதிவாகும். இரண்டு இடத்தில் வேலை செய்தாலும் மொத்தக் கணக்கு 28 மணிதான். மீறினால் விசா புதுப்பிக்கும்போது பிடிபடும். முழுநேர வேலை கிடைத்தால் அந்த வேலைக்கான விசாவுக்கு மாறிக்கொள்ளலாம். பட்டச் சான்றிதழ்களைச் சென்னையில் பீரோவில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

அம்மாவிடம் எத்தனை மணிக்குப் பேசுவது?

டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு 10 மணி என்றால் இங்கே மாலை 6.30, விளக்கேற்றும் நேரம். அதைவிட, அங்கே காலை 11 மணியும் இங்கே 7.30-உம் பல அம்மாக்களுக்குத் தோதாக இருக்கிறது.

பக்கத்து வீட்டார் எப்படி? தாளிக்கும் வாசனைக்குப் புகார் செய்வார்களா?

குடிபுகுந்த வாரத்தில் இரு பக்கத்து வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போய், ஒரு துண்டோ இனிப்போ கொடுத்துப் பெயர் சொல்லி வணங்குவது அங்கே பழைய வழக்கம். நகரத்தில் குறைந்து வருகிறது என்றாலும் நீங்கள் செய்யுங்கள். பிறகு ஒரு சின்ன உரசல் வந்தாலும் அவர்கள் முதலில் வீட்டு நிர்வாகியிடம் போகாமல் உங்களிடம் வருவார்கள்.

வாசனையைவிடச் சத்தம்தான் புகாராக வருகிறது. மரத் தளத்தில் குதிகால் ஊன்றி நடப்பது, விடியற்காலையில் மிக்சி போடுவது, இரவு பத்துக்கு மேல் துவைக்கும் இயந்திரம். மிக்சியின் அடியில் தடித்த துண்டை மடித்து வையுங்கள், பகலில் அரையுங்கள். தாளிக்கும்போது சன்னலைத் திறப்பதைவிட மேலே உள்ள காற்றுப்போக்கியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். சாம்பிராணியும் கற்பூரமும் ஏற்றினால் கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவி கூவும். பூசை அலமாரியை அதற்குத் தொலைவில் அமையுங்கள்.

கோயிலுக்குப் போக வேண்டுமென்றால்?

எதோகாவா வார்டின் ஃபுனபோரியில் இஸ்கான் கோயில் இருக்கிறது. ஆனால் நம் தெய்வங்கள் ஜப்பானியப் பெயரோடு பல நூற்றாண்டுகளாக அங்கேயே இருக்கின்றன என்பதுதான் எனக்குக் கிடைத்த பெரும் மகிழ்ச்சி. உஎனோ பூங்காவின் ஷினோபஜு குளத்தின் நடுவே உள்ள பென்சைதென் நம் சரசுவதி. அசாகுசாவுக்கு அருகே மத்சுச்சியாமா ஷோதென் கோயிலில் இருப்பவர் விநாயகர், அங்கே காங்கிதென் என்பார்கள். திருவுருவத்தைப் பார்க்க விடுவதில்லை, மூடியே வைத்திருப்பார்கள். படைப்பது வெள்ளை முள்ளங்கி. வாசலிலேயே வாங்கி, தட்டில் வைத்துக் கொடுக்கலாம். அங்கே படிக்கட்டிலும் தூணிலும் முள்ளங்கி உருவம் செதுக்கியிருப்பதைத் தேடிப் பாருங்கள். சதுர்த்திக்கு அங்கே போய்வந்த நாள் வீட்டிலும் கொழுக்கட்டை பிடித்தோம்.

நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது? அதை நினைத்தால்தான் பயம்.

சிறு அதிர்வுகள் அடிக்கடி வரும், பழகிவிடும். பெரியது வருமுன் சில நொடிகள் முன்னதாகக் கைப்பேசிகள் எல்லாம் ஒரே குரலில் அலறும். மேசைக்கடியில் போய்த் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைக்க ஓட வேண்டாம். அதிர்வு ஜப்பானிய அளவுகோலில் (ரிக்டர் அல்ல) 5 என்ற அளவைத் தொட்டால் கேஸ் மீட்டர் தானாகவே நின்றுவிடும். பிறகு மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி, சில நிமிடம் காத்திருந்து மீட்டெடுக்க வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே என்பதைக் குடிபுகுந்த அன்றே கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரிகளைச் சுவரோடு பிணையுங்கள். மூன்று நாளுக்குத் தண்ணீர், உணவு, மருந்து, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைக் கதவருகே பையில் வையுங்கள்.

2011 மார்ச் 11 அன்று ரயில்கள் நின்றுபோய், டோக்கியோவில் ஏராளமானோர் இரவெல்லாம் நடந்தே வீடு போனார்கள். அதன்பிறகு 2013 ஏப்ரலில் டோக்கியோ ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரிய நிலநடுக்கத்தில் ஊழியர்கள் ஒரே நேரத்தில் கிளம்பாதபடி நிறுவனங்கள் அவர்களை அலுவலகத்திலேயே தங்கவைக்க வேண்டும், மூன்று நாளுக்கான உணவும் நீரும் சேமிக்க வேண்டும். அதாவது அன்றிரவு உங்கள் கணவர் வரமாட்டார். வராமல் இருப்பதே சரி. உங்கள் தெருவுக்கான புகலிடம் எந்தப் பள்ளி, அங்கே என்ன சொல்லித் தண்ணீர் கேட்பது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசி நெரிசலில் 171 என்ற எண்ணில் குரல் பதிந்து வைக்கலாம். மாதத்தில் 1, 15 தேதிகளில் ஒத்திகை பார்க்க விடுவார்கள், இருவரும் செய்து பாருங்கள்.

முதல் பிரசவம். அம்மா வந்து தங்க முடியுமா, நான் சென்னைக்கு வந்துவிடுவதா?

அம்மா உறவினரைப் பார்க்கும் குறுகியகால விசாவில் 90 நாள் வரை தங்கலாம். பெற்றோருக்கென்று பொதுவான நீண்டகால விசா இல்லை. ஆகவே பிரசவத்துக்குச் சில வாரம் முன்பிருந்து கணக்கிட்டு வரவழையுங்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது அங்கேயும் உண்டு, ‘சாதோகாயேரி’ என்பார்கள். அதனால் சென்னைக்குப் போகிறேன் என்று சொன்னால் மருத்துவர் வியக்கமாட்டார், பரிசோதனை விவரங்களை எழுதிக் கடிதம் தருவார். விமான நிறுவனம் எத்தனையாவது வாரம் வரை ஏற்றிக்கொள்ளும் என்று முன்பே கேளுங்கள்.

அங்கேயே பெறுவதென்றால், கருவுற்றது உறுதியானதும் வார்டு அலுவலகத்தில் தெரிவித்துத் தாய்சேய் நலக் கையேட்டையும் பரிசோதனைக் கூப்பன்களையும் வாங்குங்கள். ஆங்கிலம் சேர்ந்த பதிப்பும் உண்டு. சுகப்பிரசவத்துக்கு மருத்துவக் காப்பீடு செல்லாது. அதற்குப் பதிலாக 2023 ஏப்ரல் முதல் 5 லட்சம் யென் உதவித்தொகை தருகிறார்கள். பிறந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பதிவு, 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் குழந்தையின் விசா நிலை, குடான்ஷிதா அருகிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட். அங்கே பிறந்ததால் மட்டும் ஜப்பானியக் குடியுரிமை கிடைக்காது. நீங்கள் படுக்கையில் இருக்கும் நாட்களில் இந்த அலைச்சல் முழுதும் கணவருடையது.

இரண்டாம் ஆண்டு சம்பளம் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்று எதுவும் இல்லை. குடியிருப்பு வரி என்று ஒன்று உண்டு, ஏறத்தாழ 10 சதவீதம். முந்தைய ஆண்டு வருமானத்தின்மேல் கணக்கிட்டு, சூன் முதல் பிடிப்பார்கள். முதல் ஆண்டில் முந்தைய வருமானம் இல்லாததால் பிடித்தம் இல்லை. முதல் ஆண்டுச் சம்பளத்தை நம்பிப் பெரிய வீட்டுக்கு மாறாதீர்கள்.

சென்னையில் இருக்கும் மாமனார் மாமியாருக்குப் பணம் அனுப்புகிறோம். வரியில் கழிக்கலாமா?

கழிக்கலாம், ஆனால் 2023 முதல் விதி இறுகிவிட்டது. வெளிநாட்டில் உள்ள உறவினர் 30 முதல் 69 வயதுக்குள் இருந்தால், மாணவர், மாற்றுத்திறனாளி போன்ற விலக்குகள் தவிர, ஆண்டுக்கு ஒருவருக்கு 3,80,000 யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும். 70 வயதானவர்களுக்கு அந்தத் தொகை வரம்பு இல்லை, ஆனால் அனுப்பியதற்கான சான்று வேண்டும். மாமனார் கணக்கில் இருவருக்குமாகச் சேர்த்துப் போட்டால் ஒருவர் கணக்குதான் செல்லும். மாமியார் பெயரிலும் வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். உறவைக் காட்டும் ஆவணமும் அதன் மொழிபெயர்ப்பும் வேண்டும், பெயர் பற்றிய பதிலில் சொன்ன எழுத்துப் பொருத்தம் இங்கேயும் முக்கியம்.

திரும்பி வரும்போது கட்டிய பென்ஷன் பணம் கிடைக்குமா?

இந்திய நிறுவனம் அனுப்பிய ஊழியர் என்றால், 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் ஒப்பந்தத்தின்படி, வருங்கால வைப்புநிதி அலுவலகத்தின் சான்றிதழைக் காட்டி அங்கே பென்ஷன் கட்டாமலே இருக்கலாம். அங்குள்ள நிறுவனத்தில் சேர்ந்து கட்டியிருந்தால், நாடு திரும்பிய 2 ஆண்டுக்குள் விண்ணப்பித்து ஒரு பகுதியை மொத்தமாகப் பெறலாம். 6 மாதமாவது கட்டியிருக்க வேண்டும். அப்படி வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகள் பிற்காலப் பென்ஷன் கணக்கில் சேராது. மீண்டும் ஜப்பான் போகும் எண்ணம் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

ஊழியர் பென்ஷனில் வரும் தொகையில் 20.42 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். அதைத் திரும்பக் கேட்க ஜப்பானில் இருக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்துவிட்டு வர வேண்டும். விமானம் ஏறியபின் அதைச் செய்வது சிரமம்.

வீட்டைக் காலி செய்யும்போது கட்டில், பீரோ எல்லாம் என்ன ஆகும்?

குப்பை பற்றிய பதிலில் சொல்லாமல் விட்டது இது. பெரிய பொருட்களுக்கு வார்டில் முன்பதிவு செய்து, கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாள் காலையில் வைக்க வேண்டும். மார்ச்சில் ஊரே வீடு மாறுவதால் தேதி கிடைப்பது அரிது, ஒரு மாதம் முன்பே பதியுங்கள். ஏ.சி., டி.வி., குளிர்பெட்டி, துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றை வார்டு எடுக்காது. அவற்றுக்கு மறுசுழற்சிக் கட்டணம் கட்டித் தனியே கொடுக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு மாத முன்னறிவிப்பு கேட்பார்கள், சிலவற்றில் இரண்டு மாதம். வார்டு அலுவலகத்தில் வெளியேறும் பதிவையும் முடியுங்கள். குடியிருப்பு வரியில் மிச்சம் இருந்தால் அன்றே கேட்டுக் கட்டிவிடலாம். வங்கிக் கணக்கை மட்டும் கடைசிச் சம்பளமும் ஷிகிகின் மீதியும் வந்து சேர்ந்த பிறகு மூடுங்கள்.